வாயிலுக்குத் தெரியாத பெயர்

காலை 8:10
நிலவு, தென்முனைக் குடியிருப்பு, இரண்டாம் வாயில். மாணவர் காவல் முறையில் இன்று என் பொறுப்பு. பெயர் மகிழினி, ஒன்பதாம் வகுப்பு. காற்றழுத்தம் சீர். பனிச்சுரங்கத்திலிருந்து ஒரு வண்டி வர வேண்டும். ஓட்டுநர் செண்பகவல்லி, என் அம்மா. ஆறு மாதமாகிறது பார்த்து. குறிப்பில் சொந்த விஷயம் கூடாது என்பது விதி. இந்த ஒரு வரி மட்டும்.

9:25
வண்டி வந்துவிட்டது. கதவு திறக்கவில்லை. திரையில்: இப்பெயரில் குடியிருப்பவர் இல்லை.
வண்டியிலிருந்து: "ஏண்டி, உங்க கதவு என்னை யாருங்குது. நீயாவது தெரியும்னு சொல்லு."
வண்டியில் இரண்டு மணி நேரக் காற்று.

9:40
காரணம் தெரிந்துவிட்டது. ஆறு மாதம் உள்ளே வராதவர்களின் கோப்புகளை ஆவணப் பிரிவு காலாவதி என்று குறித்திருக்கிறது. கணினிப் பிரிவு நேற்று அழித்திருக்கிறது. சுரங்கத்தில் இருப்பவர்களின் கோப்பை அழிக்கத் தடை போட வேண்டியது சட்டப் பிரிவு. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. நகல் இருக்கிறது. மீட்க மூன்று பிரிவும் ஒப்புதல் தர வேண்டும். விதிநூலை முழுவதும் படித்திருக்கிறேன், வேறு வழி இல்லை. மூவரையும் ஒரே இணைப்பில் அழைத்தேன்.

10:05
ஆவணப் பிரிவு, பரிமளா மேடம்: "நான் பட்டியல்தான் குடுத்தேன். அழிக்கச் சொல்லலையே."
கணினிப் பிரிவு, ஜெயசீலன் சார்: "வேற எதுக்குக் குடுத்தீங்க மேடம், ஃபிரேம் போட்டு மாட்டவா?"
சட்டப் பிரிவு, கோதண்டம் சார்: "இப்ப நான் கையெழுத்துப் போட்டா தப்பு எங்க மேலன்னு ஆகும். முதல்ல நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு எழுதிக் குடுங்க."
காற்று குறைகிறது என்றேன்.
கோதண்டம் சார்: "பாப்பா, பெரியவங்க பேசறப்ப லைன்ல வராதே."

11:00
கதவின் கைப்பிடியில் தொங்கிப் பார்த்தேன். அதுவும் குடியிருப்போர் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் அசையும். பரிமளா மேடம் ஒப்புதல் தந்தார். ஜெயசீலன் சார் தரவில்லை என்று தெரிந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார். கோதண்டம் சார் சாப்பிடப் போயிருக்கிறார்.
வண்டியிலிருந்து: "அழாம எழுது. யார் என்ன சொன்னாங்கன்னு பேரோட எழுது."

11:50
வண்டியிலிருந்து பதில் இல்லை. முகப்பு விளக்கு எரிகிறது. கூப்பிடுகிறேன். பதில் இல்லை.

12:20
மூவரும் இணைப்பில். இணைப்பில் நானும் இருப்பதை மறந்துவிட்டார்கள். குரல்கள் மென்மையாக இருந்தன.
கோதண்டம் சார்: "பதிவேட்டுல இல்லாதவங்க செத்தா நம்ம கணக்குல வராது. அப்படித்தானே மேடம்?"
பரிமளா மேடம்: "ஆமா சார். நேத்துலேர்ந்தே அப்படி ஒருத்தர் இல்லை."
ஜெயசீலன் சார்: "அப்ப அந்தப் பொண்ணு எழுதிட்டிருக்கிற வாயில் குறிப்பு?"
கோதண்டம் சார்: "நகலோட சேத்துத் தூக்கிடுங்க. மூணு பேரும் ஒண்ணா ஒப்புதல் குடுத்துடலாம்."

12:22
மூன்று ஒப்புதல்களும் ஒரே நிமிடத்தில் வந்துவிட்டன. குறிப்பு மேலிருந்து அழிகிறது. 8:10 போய்விட்டது. அழிவதற்குள் எல்லாவற்றையும் வண்டியின் நினைவகத்துக்கு அனுப்பிவிட்டேன். இதையும் எழுத எழுத அனுப்புகிறேன். அம்மாவின் கோப்போடு வண்டியும் பதிவேட்டிலிருந்து போய்விட்டது. இல்லாத வண்டியை அவர்களால் அழிக்க முடியாது.
இதைப் படிப்பவருக்கு: நீங்கள் வண்டியைத் திறந்திருக்கிறீர்கள். ஓட்டுநர் இருக்கையில் இருப்பவரின் பெயர் செண்பக