ஏரிக்கரை முள்ளும் சிவப்பு அட்டையும்

சிஸ்டர்,

இன்று காலை ஏரிக்கரைக்குப் போனேன். ரோட்டிலிருந்து இறங்கும்போதே களைக்கொல்லி வாடை மூக்கில் ஏறியது. நம் ஃபேக்டரி முனிராஜ் முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு, உங்கள் நினைவுக்கல்லைச் சுற்றிப் பதித்த டைல்ஸ் இடுக்குகளில் மருந்து அடித்துக்கொண்டிருந்தான். அந்த இடுக்கில் ஆவாரை முளைத்திருந்தது. விரல் உயரம்கூட இல்லை. பூக்கிற வரைக்கும் விட்டு வை என்று போன வாரம்தான் அவனிடம் கேட்டிருந்தேன். நன்றாகத் தலையை ஆட்டினான். இன்றைக்கு அடித்துவிட்டான்.

நீங்கள் செத்து இரண்டு வருஷம் ஆகிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து ஓசூர் ஃபேக்டரியில் சேர்ந்த முதல் மாதமே, தகடு கிழித்த உள்ளங்கையோடு முதலுதவி அறையில் உங்கள் முன்னால் உட்கார்ந்தேன். கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டீர்கள். "ஞாயித்துக்கெழம ரூம்ல படுத்துகினுதான இருப்ப? ஏரிக்கு வா. இன்னொரு கை நல்லாத்தான இருக்குது." இதென்ன நர்ஸ், மாத்திரைக்குப் பதிலாக வேலை கொடுக்கிறது என்று ரூமில் போய்ச் சொல்லிச் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை போய் நின்றேன்.

கரைப் புங்கமரத்தடியில் ஒரு ஸ்டூல், பி.பி. பார்க்கிற கருவி, டிஞ்சர், பஞ்சு. ரோஜாத் தோட்டத்தில் மருந்தடித்துத் தோல் வெந்தவர்கள், கல் உடைத்துக் கால் வீங்கியவர்கள் எல்லாரும் உங்களிடம்தான் வருவார்கள். காசு நீட்டினால் கையைத் தட்டிவிடுவீர்கள். "ஆளுக்கு ஒரு கொடம் தண்ணி. அதான் எம் ஃபீஸு." அவர்களும் கட்டுப் போட்ட காலோடு போய், நீங்கள் காட்டிய செடிக்கு ஊற்றிவிட்டுப் போவார்கள்.

உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் மண்டிக் கிடந்த புறம்போக்கு அது. எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி முடித்ததும், குல்மோகர் கன்று வாங்கி வரட்டுமா என்று ஆசையாகக் கேட்டேன். முறைத்தீர்கள். "புண்ண என்னா பண்ணுவ? சுத்தம் பண்ணுவ, மூடுவ, அப்பறம் கைய எடுத்துருவ. தோலு தானா வரும். சும்மா நோண்டிகினே இருந்தா சீழ்தான் புடிக்கும்." ஆடு நுழையாமல் இருக்கச் சுற்றிலும் முள்வேலி மட்டும் கட்டினோம். என் முடிச்சு அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது. காயத்துக்குக் கட்டுகிற முடிச்சை அங்கேதான் சொல்லிக்கொடுத்தீர்கள். வலது நுனி இடதுமேல், பிறகு இடது நுனி வலதுமேல். இழுத்தால் இறுகும், வழுக்காது.

அடுத்த மழைக்குச் சூரை வந்தது, காரை வந்தது, ஆவாரை வந்தது. பிறகு விராலி, களா. எல்லாமே இந்த மண்ணில் எப்போதும் இருந்தவை என்று சொன்னீர்கள். ஒரு நாள் புதருக்குள் கௌதாரி கூவியது. பி.பி. பார்த்துக்கொண்டிருந்த பெரியவரின் கையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தீர்கள். "யோவ், செத்த பேசாத இரு" என்று அவரையே அதட்டினீர்கள். அவ்வளவு சந்தோஷமாக உங்களை நான் பார்த்ததே இல்லை.

ஃபேக்டரியில் அப்போது ஃபைவ் எஸ் என்கிற ஜப்பான் ஒழுங்குமுறை வந்த புதிது. எங்கேயும் சுத்தம், எல்லாம் வரிசை. உபயோகமில்லாத சாமான் எதுவானாலும் அதன்மேல் சிவப்பு அட்டை கட்டுவார்கள். 'தேவையற்றது, அகற்றவும்' என்று அதில் அச்சடித்திருக்கும். உங்கள் அறை மூலையில் இருந்த, ஏரி வேலிக்கான கயிற்றுச் சாக்கில் ஆடிட் பார்க்க வந்தவர் அப்படி ஒன்றைக் கட்டினார். நீங்கள் நிதானமாக அதை அவிழ்த்து அவர் சட்டைப் பொத்தானில் மாட்டிவிட்டீர்கள். "சார், இது உங்குளுதுங்க." பிரஸ் ஷாப் முழுக்க அன்று அதே பேச்சுதான்.

நெஞ்சு வலித்தால் வாயு என்று இருந்துவிடாதே என்று எங்கள் எல்லாரையும் திட்டிய நீங்கள், உங்கள் நெஞ்சு வலியை வாயு என்று சொல்லிவிட்டு உங்கள் ஊர் மத்தூருக்கு பஸ் ஏறினீர்கள். ஊர் போய்ச் சேரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் உங்கள்மேல் இருக்கிறது.

உங்களுக்காக அதிகம் அழுதவன் முனிராஜ்தான். உலையில் வெந்த அவன் கையை எடுக்கவேண்டும் என்றார்கள். நீங்கள்தான் பெங்களூருக்குக் கூட்டிப்போய், டாக்டர்களோடு சண்டை போட்டு, அந்தக் கையைக் காப்பாற்றினீர்கள். நினைவுக் குழு ஆரம்பித்ததும் அவன்தான்.

"சிஸ்டர் பேரு சொல்ற எடம் இப்பிடி முள்ளுக்காடா கெடந்தா நம்முளுக்குத்தானேண்ணா அசிங்கம்?" என்றான்.

"இந்த முள்ளுதாம்ப்பா அவங்க வளத்தது" என்றேன்.

"இல்லண்ணா. எடத்த சுத்தம் பண்ணாங்க. செடி வெக்கறதுக்குள்ள போய்ட்டாங்க. மிச்சத்த நாமதான் முடிக்கணும்."

கூட்டத்தில் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். எல்லாரும் உங்கள் செடிக்குத் தண்ணீர் சுமந்தவர்கள். எதற்கு ஊற்றுகிறோம் என்று ஒருத்தரும் குனிந்து பார்த்திருக்கவில்லை. காடு வளர்த்துக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அவர்களோ நீங்கள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று நினைத்துவிட்டார்கள்.

உங்கள் முதல் நினைவு நாளில் வேலை நடந்தது. ஃபேக்டரியில் பழகிய பழக்கம் விடுமா? முந்தின நாளே புதருக்குப் புதர் சிவப்பு அட்டை கட்டி வைத்திருந்தார்கள். ஜேசிபிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டினார்கள். நான் வண்டி முன்னால் போய் நின்றேன். அண்ணனுக்கு சிஸ்டர் நினைப்பு வந்துவிட்டது என்று தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் தரை மொட்டை. கௌதாரிகள் ரோட்டைத் தாண்டி ஓடின. அதற்குப் பிறகு நான் அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை.

இப்போது அங்கே புல்தரை இருக்கிறது, குல்மோகர் இருக்கிறது, நடுவில் நீங்கள் இருக்கிறீர்கள். கறுப்புக் கல்லில் தங்க எழுத்தில் 'இயற்கையின் தாய்' என்று போட்டிருக்கிறது.

"விடச் சொன்னேனேப்பா" என்று இன்று காலை முனிராஜிடம் கேட்டேன்.

"சிஸ்டர் கிட்ட ஒரு களை அண்ட உடமாட்டண்ணா. எம் மூச்சு இருக்கற வரைக்கும்" என்றான். சொல்லும்போதே அவன் கண் கலங்கிவிட்டது. வெந்து சுருங்கிய அந்தக் கையாலேயே துடைத்துக்கொண்டான்.

அவன் கெட்டவனாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். உங்கள்மேல் உயிரையே வைத்திருக்கிறவனை என்ன செய்வது, சொல்லுங்கள்.

அவன் ஸ்பிரேயரைக் கழுவ ஏரிக்குள் இறங்கியதும், பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்தேன். அன்றைக்குப் புதரிலிருந்து நான் அவிழ்த்து வைத்துக்கொண்டது. உங்கள் கல்லின் கழுத்தில் கயிற்றைச் சுற்றினேன். வலது நுனி இடதுமேல், இடது நுனி வலதுமேல். இழுத்துப் பார்த்தேன். வழுக்கவில்லை.