மைனிக்குப் பிடிக்காத பாட்டு

மைனி,

இன்று காலை அந்தப் பாட்டு மறுபடியும் என் காதில் விழுந்தது. பாளை மார்க்கெட்டுக்கு எதிரே இருக்கிற கேசட் கடையில். டிசம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்தவப் பாட்டுக்குக் கேட்கவா வேண்டும்? வாசலில் பெரிய ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி வைத்து, பஸ் ஹாரனுக்கு மேலே அலற விட்டிருந்தார்கள். முதலில் அந்தக் கீபோர்டு இழுவை, பிறகு பாடுகிற அந்த ஆளின் விசும்பல். இரண்டு வரி முடிவதற்குள் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஆபீசுக்குப் போக வேண்டிய ஜங்ஷன் பஸ் வந்து நின்றது. ஏறவில்லை. நேரே கடைக்குள் போனேன்.

"அண்ணாச்சி, இந்தப் பாட்ட நிறுத்துங்க."

"ஏம்மா, நல்ல பாட்டுதான? எல்லா துக்க வீட்டுக்கும் இதத்தான வாங்கிட்டுப் போறாக."

"அதுக்குத்தான் நிறுத்தச் சொல்லுதேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சத்தத்தை ஒரு நூல் குறைத்தார். அதோடு சரி. ஆற்றுப் பாலத்தைத் தாண்டும் வரைக்கும் நடந்தே போனேன். நடந்தால் கோபம் குறையும் என்பார்கள். வியர்வைதான் வந்தது. ஆபீசுக்கு நேரம் கழித்துப் போய்ச் சூப்பரிண்டெண்டெண்டிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

நீங்கள் போய் இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. ஒரு வருஷம் ஆனால் மனசு ஆறிவிடும் என்று வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். துக்கம் ஆறியிருக்கலாம். கோபம் ஆறவில்லை. அதை யாரிடம் கொட்டுவது? அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். சீர் சாமான்களுக்கு நடுவே பழம்புடவையில் சுற்றி ஒரு டேப் ரெக்கார்டர் வந்தது. மறுநாளே அது அடுப்படிக்குக் குடி போய்விட்டது. அரிசிமாவு டப்பாவின் மேல் அதற்கு இடம். பட்டனெல்லாம் மாவு அப்பி, எது நிறுத்துவது எது ஓட்டுவது என்று உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அண்ணனுக்குத் தெரியாது. அண்ணன் ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை.

கிறிஸ்துமஸ் பலகாரம் சுடுகிற நாட்கள்தான் நம் இருவருக்கும் நிஜமான பண்டிகை. மத்தியானம் வாணலியை ஏற்றி, முறுக்கு அச்சை மாவில் முக்கி எண்ணெயில் விட்டுவிட்டு, "சரி, ஆரம்பிப்பமா?" என்பீர்கள். அந்த வருஷம் முழுக்கக் கேட்ட கேசட்டுகளில் சிறந்த பத்து எவை என்று முடிவு செய்தாக வேண்டும். சினிமா, நாதஸ்வரம், கர்நாடக சங்கீதம், கீர்த்தனை, மேலப்பாளையத்துத் தோழி கொண்டுவந்து தரும் இஸ்லாமியப் பாட்டு, இந்தி கஜல், வெள்ளைக்காரன் கிட்டார், எல்லாம் ஒரே பந்தியில்தான் உட்கார வேண்டும். யாருக்கும் தனி இலை கிடையாது. "சாமிப் பாட்டுன்னு சலுக கொடுக்கப்படாது, சினிமான்னு மட்டம் தட்டவும் படாது" என்பது உங்கள் சட்டம். எழுதி வைக்கவும் கூடாது. மனதில் நிற்காத கேசட் பத்தில் நிற்கத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டீர்கள்.

சட்டத்தில் பெரிய சட்டம் ஒன்று உண்டு. "மூணு தடவ முழுசாக் கேக்காம ஒருத்தனையும் திட்டப்படாதுட்டி. பாவம், அவனும் கஷ்டப்பட்டுத்தான பாடியிருப்பான்." மூன்றாவது தடவை முடிந்ததும் திட்டுவீர்கள் பாருங்கள், அந்தப் பாடகன் எங்கிருந்தாலும் அவனுக்குப் புரை ஏறியிருக்கும்.

ஊரே ஒரு சினிமா கேசட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடிய வருஷம் நினைவிருக்கிறதா? டீக்கடை, சலூன், மினி பஸ் எங்கு பார்த்தாலும் அதுதான். நான் அதற்குத்தான் முதலிடம் என்று ஒற்றைக்காலில் நின்றேன். நீங்கள் அதை நாலாவதாகத் தள்ளிவிட்டு, டவுன் தேரோட்டத்தில் நடைபாதைக் கடையில் வாங்கின ஒரு வில்லுப்பாட்டு கேசட்டை முதலில் வைத்தீர்கள். எனக்குக் கண்மண் தெரியாத கோபம். "மைனி, உங்களுக்குக் காது இருக்கா இல்லையா?" என்று கத்தினேன். நீங்கள் எண்ணெய் சொட்டுகிற அச்சை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைவிட உரக்கக் கத்தினீர்கள்.

"நல்ல பாட்டுன்னா அது முடிஞ்சபெறகுதாம்ட்டி குக்கர் சத்தம் காதுல விழும். இந்த சினிமாக்காரன் பாடுத நடுவுலயே எனக்கு குக்கர் சத்தம் கேக்கு. அவன் எப்படி மொதல்ல வருவான்?"

அடுத்த வீட்டு டீச்சர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "என்ன, நாத்தனாருக்கும் மைனிக்கும் சண்டையா?" என்றார்கள். "ஆமா டீச்சர், பெரிய சண்டை" என்று சிரித்தீர்கள். அன்றைக்கு ஒரு ஈடு முறுக்கு கருகிப்போனது.

அந்த வில்லுப்பாட்டு கேசட்டைச் சர்ச் பாடகர் குழுவின் கேசட் உறைக்குள் ஒளித்து வைத்தோம். சுடலைமாடன் சாமி கதை, நம்மைப் போன்ற வேதக்காரக் கிறிஸ்தவர் வீட்டு அடுப்படியில் கிடந்தால் சும்மா விடுவார்களா? சபைப் பெண்கள் கூட்டத்துக்கு வந்த அத்தை ஒருத்தி, "இந்தக் கேசட்ட எனக்குக் கொஞ்சம் குடேன், கேட்டுட்டுத் தாரேன்" என்று சரியாக அதில் கை வைத்தபோது உங்கள் முகம் போன போக்கு! "அது டேப்பு சிக்கிக் கெடக்கு அத்த, பாடாது" என்று சொல்லிக்கொண்டே அவர்கள் கையில் முந்திரிக்கொத்துத் தட்டைத் திணித்தீர்கள். அவர்கள் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தீர்கள்.

இப்படிப்பட்ட உங்களைத்தான் மைனி, அடக்க ஆராதனையில் "சாந்த குணமுள்ளவர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர், அடுப்படியும் ஜெபமுமே உலகமென்று வாழ்ந்தவர்" என்று வாசித்தார்கள். நீங்களா? அதிர்ந்து பேசாதவரா? பெட்டிக்குள் நீங்கள் கண் மூடிப் படுத்திருந்தீர்கள், இல்லாவிட்டால் எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். செத்தவர்கள் எல்லோருக்கும் சாந்த குணம் கொடுப்பது நம் ஊர் வழக்கம். ஆனால் அந்தப் பாட்டு?

போன வருஷம் வயிற்றுக் கட்டிக்கு ஆபரேஷன் முடிந்து, நீங்கள் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்த மாதங்களில் டேப் ரெக்கார்டர் அடுப்படியிலிருந்து உங்கள் அறைக்கு வந்தது. கட்டிலுக்கு எட்டாத மேசை மேல்தான் இடம் கிடைத்தது. "இந்த வருஷத்துப் பத்த விட்டுறப்படாதுட்டி" என்று என்னைக் கடைக்கு விரட்டிக்கொண்டே இருந்தீர்கள். அப்படி நான் வாங்கிவந்ததில் ஒன்றில்தான் அந்தப் பாட்டு இருந்தது. புதுசாக வந்த கிறிஸ்தவப் பாட்டு கேசட். முதல் தடவை கேட்டபோதே உங்கள் மூக்கு சுருங்கியது. இருந்தாலும் சட்டம் சட்டம்தானே. ஒரு பக்கம் ஓடும்போதே மாத்திரை மயக்கத்தில் தூங்கிப்போவீர்கள், விழித்ததும், "முழுசாக் கேக்கல, கணக்குல சேராது, மொதல்ல இருந்து போடு" என்பீர்கள். நானும் போடுவேன். நாள் கணக்கில் அந்த விசும்பல் நம் வீட்டுக் கூரையைத் துளைத்தது.

கடைசியில் ஒரு சாயங்காலம் மூன்றாவது தடவையும் முழுசாக முடிந்தது. "கேட்டாச்சு. இனி திட்டலாம்" என்றீர்கள். மூச்சு வாங்கியது. ஆனாலும் விடவில்லை.

"சாவப்போறவ நானு. நானே அழல. இவன் எதுக்குட்டி இந்த அழுக அழுவுதான்? ஆண்டவர்கிட்டப் போறதுன்னா இம்புட்டு ஒப்பாரியா? அவருக்கே காது வலிக்காது?"

சிரித்தோம். சிரிக்கச் சிரிக்க உங்களுக்கு வலித்தது, வலிக்க வலிக்கச் சிரித்தீர்கள். அந்த வருஷத்துப் பத்தை முடிவு செய்வதற்கு முன்னால் நீங்கள் போய்விட்டீர்கள். ஆனால் கடைசி இடம் எதற்கென்று மட்டும் முடிவாகியிருந்தது.

உங்களை நடுவீட்டில் கிடத்தியிருந்த அன்று, வாசல் வேப்பமரத்தில் குழாய் கட்டி மைக் செட்காரர் அதைத்தான் போட்டார். ஒரு தடவையா, இரண்டு தடவையா? முடிந்தால் திருப்பிப் போட்டு, முடிந்தால் திருப்பிப் போட்டு, நாள் முழுக்க. வெளியே ஓடிப்போய் நிறுத்தச் சொன்னேன். "வீட்டு அண்ணாச்சி சொன்னாத்தான் நிறுத்துவேன்க்கா" என்றார். அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, அந்தப் பாட்ட நிறுத்தச் சொல்லுங்க. மைனிக்கு ஆகாது."

"என்னட்டி சொல்லுத? கடேசி நாள்ல அவ அதத்தான திருப்பித் திருப்பிக் கேட்டுட்டுக் கெடந்தா? அவளுக்கு அதுதாம்ட்டி ஆறுதல்."

"ஆறுதலா? திட்டுததுக்குக் கேட்டாக அண்ணே!"

அவ்வளவுதான். சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். "துக்கத்துல என்னமோ பேசுதா, உள்ள கூட்டிட்டுப் போங்க, ஒரு வாய் காப்பி குடுங்க." என் வாயில் காப்பியை ஊற்றினார்கள். ஆராதனையிலும் பாடகர் குழு அதையே பாடியது. கல்லறைத் தோட்டம் வரைக்கும் அது உங்கள் பின்னாலேயே வந்தது. நீங்கள் வாழ்க்கையில் மிகவும் வெறுத்த பாட்டு உங்களைக் குழிவரை கொண்டு விட்டது, மைனி. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அடுத்த வாரம் அண்ணன் கேசட்டுகளையெல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கி என் அறை வாசலில் வைத்தார். "ஏட்டி, ஒம் பாட்டு டப்பாவெல்லாம் எடுத்து வச்சுக்கிடு. அடுப்படியில கெடந்து வீணாப்போவுது." என் பாட்டு டப்பா! பத்து வருஷமாக அந்த அடுப்படியில் பாடியதெல்லாம் என்னுடையது என்றே நினைத்திருக்கிறார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கி அவர் காலடியில் போட்டிருப்பேன். உள்ளே இருந்தது உங்களுடையது என்பதால் போடவில்லை.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. என் கோபத்தில் பாதி உங்கள் மேல்தான்.

அண்ணனின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும் சத்தம் எனக்குக் கேட்கும் முன்னே உங்களுக்குக் கேட்டுவிடும். எந்தப் பாட்டானாலும், எவ்வளவு நல்ல இடமானாலும், மாவுக் கையாலேயே பட்டனை அமுக்கி நிறுத்திவிடுவீர்கள். அந்த வில்லுப்பாட்டில் கதை உச்சத்துக்கு ஏறுகிற இடத்தில்கூட. "உங்க அண்ணன் வாராக. ஆபீஸ்ல இருந்து தலவலியோட வருவாக, பாட்டு எதுக்கு?" அண்ணன் தலைவலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பாட்டு வேண்டாம் என்றும் சொன்னதில்லை. நீங்களாக நிறுத்தினீர்கள். பாட்டோடு சேர்த்து உங்கள் குரலையும் நிறுத்தினீர்கள். கதவைத் திறந்து உள்ளே வந்த மனுஷனுக்குப் பத்து வருஷமும் தெரிந்தது ஒரு சாந்த குணமுள்ள பெண்தான்.

அந்த ஒரு கேசட்டை மட்டும் அவர் ஏன் கேட்டார் என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. நீங்கள் தூங்கித் தூங்கி விழித்ததில் அது மட்டும் அண்ணன் வந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது, உங்களால் எழுந்து போய் நிறுத்த முடியவில்லை. பத்து வருஷத்தில் அண்ணன் வீட்டில் இருக்கும்போது ஓடிய ஒரே கேசட் அதுதான். நிறுத்த முடியாமல் போனதை அவர் ஆசை என்று நினைத்துக்கொண்டார். ஏன் மைனி நிறுத்தினீர்கள்? என்னிடம் அச்சை ஓங்கிக்கொண்டு கத்தத் தெரிந்த உங்களுக்கு, அவரிடம் "இதக் கொஞ்சம் கேளுங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா? வெட்கமா? பயமா? என்னிடம்கூடச் சொல்லாமலே போய்விட்டீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து அண்ணன் என் எதிரே உட்கார்ந்தார். வருஷ நினைவு ஜெபக்கூட்டத்துக்கு அட்டை அடிக்கிறார்களாம். உங்கள் போட்டோவுக்குக் கீழே ஒரு வசனம், அதற்குக் கீழே அந்தப் பாட்டின் நாலு வரி. பிழை இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கச் சொன்னார். இந்தத் தடவை என் தோளைப் பிடிக்க யாரும் இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று தடவைச் சட்டத்தையும், "நானே அழல, இவன் எதுக்குட்டி அழுவுதான்" என்று நீங்கள் கேட்டதையும், அட்டைப் பெட்டியில் இருப்பது எல்லாம் யாருடையது என்பதையும். உங்கள் குரலிலேயே சொன்னேன் போலிருக்கிறது, அண்ணன் இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தார். நான் முடித்த பிறகு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேனாவை எடுத்து அந்த நாலு வரியைப் பையக் கோடு போட்டு அடித்தார். பிறகு கேட்டார்.

"அப்போ அவளுக்கு என்ன பாட்டுதாம்ட்டி பிடிக்கும்?"

கேலியில்லை, கோபமில்லை. கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஒவ்வொரு வருஷத்துப் பத்தும், எது முதலில் எது கடைசியில், எந்த இடத்தில் நீங்கள் அச்சை எண்ணெயில் மறந்து நின்றீர்கள் என்பது வரைக்கும் எனக்கு நுனி நாக்கில் வந்து நின்றது. வாயைத் திறந்தும்விட்டேன். அப்போதுதான் உங்கள் மேல் இருந்த அந்த ஆத்திரம் மறுபடி வந்தது. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருப்பது நிழலில் தெரிந்தது.

இன்றுவரைக்கும் அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைச் சுமந்துகொண்டுதான் பாலத்துக்கும் ஆபீசுக்குமாக அலைகிறேன். கேட்க வேண்டியவர் ஒருவழியாகக் கேட்டுவிட்டார், மைனி. சொல்ல வேண்டியது நீங்கள்.