இரும்பு நைத்திரேற்றுப் போத்தல்

கண்டி, 2007 ஜூன், செவ்வாய்க்கிழமை

நான் பொலிசில் காலில் விழுந்து அழுதேன் என்று எதிர்வீட்டில் சொல்லித் திரிகிறார்களாம். விழவில்லை. கன்னியாஸ்திரிகள் எனக்கு முழங்காலில் நிற்கப் பழக்கியது ஆண்டவர் முன்னால் மட்டும். இருக்கக் கதிரை கேட்டேன். தந்தார்கள்.

என் மகள் ரஞ்சியைப் பொலிஸ் இன்னும் விடவில்லை. கொழும்பு பஸ்ஸைச் சோதித்தபோது அவள் பையில் கரி படிந்த கண்ணாடித் துண்டுகளும் இரும்பு நைத்திரேற்றுப் போத்தலும் இருந்தன. யுத்த காலம்; நைத்திரேற்று என்றதும் குண்டு என்று முடிவுகட்டிவிட்டார்கள். அந்தக் கரிதான் என் மகளின் ஆராய்ச்சி. தலைமயிரைவிட மெல்லிய காபன் குழாய்கள். அவற்றை வளர்க்க வழக்கமாகக் கண்ணாடியே உருகும் சூடு வேண்டும். அவள் அந்த நைத்திரேற்றில் உள்ள இரும்பை ஊக்கியாகப் பூசி, கண்ணாடி உருகாத சூட்டிலேயே வளர்த்துவிட்டாள். கொழும்பில் உள்ள பெரிய நுணுக்குக்காட்டியில் பார்க்கக் கொண்டுபோனாள். போத்தலை அங்கே தன் நண்பரிடம் கொடுக்கச் சொல்லித் தந்தவர் அவளுடைய பேராசிரியர்.

அவர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணீர் தந்தார். போத்தலைக் கொடுத்தது தான்தான் என்று ஒரு கடிதம் தரவில்லை.

"அன்ரி, பொலிஸ் ஓ.ஐ.சியோட போனில கதைச்சிட்டன். எழுத்தில கேக்காதேங்கோ. எனக்கும் பிள்ளையள் இருக்கினம்."

"எனக்கு ஒண்டுதான், தம்பி. போன மாசம் மேடையில 'எங்கட குழாய்' எண்டு சொன்னீர். இண்டைக்கு அது ஆரின்ர குழாய்?"

அவர் மனைவி பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

காலையில் பேராசிரியருக்கு அனுப்பவேண்டிய கடிதத்தை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஐயா, அந்தப் போத்தலை என் மகளிடம் கொடுத்தது நீங்களா, இல்லையா? எழுத்தில் பதில் தரவும்.