தாம்பாளத்தைக் கீழே வைத்தவருக்கு

பீரோவைத் திறந்தேன். பணி ஓய்வு விழாவில் எனக்குப் போர்த்திய பொன்னாடைகள் அந்துருண்டை வாசனையோடு சரிந்து விழுந்தன. உடனே உங்கள் நினைவு வந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில், செங்கல்பட்டில் நம் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கேட்டுப் போகும்போது ஒரு வழக்கம் இருந்தது. ஆண்கள் பேசுவார்கள், பொன்னாடையும் பழமும் வைத்த தாம்பாளத்தை ஒரு பெண் ஏந்தி நிற்பாள். பேராசிரியையான நானும் பலமுறை நின்றிருக்கிறேன். பிறகு, அலுவலக எழுத்தரான உங்கள் முறை வந்தது. யாரைப் பார்ப்பது, எதற்குக் கேட்பது என்று விசாரித்துக் கோப்பு எழுதியதும் நீங்கள்தான்.

திருப்போரூர் அரிசி ஆலைக்காரர் வீட்டில் பதிவாளர் அரைமணி நேரம் கட்டடப் பெருமை பேசினார். ஆலைக்காரர் கொட்டாவி விட்டார்.

"அதான் இத்தினி கட்டடம் கீதே. இன்னும் இன்னாத்துக்கு டப்பு?"

பதிவாளர் மறுபடியும் கட்டடக் கணக்கைத் தொடங்கினார். நீங்கள் தாம்பாளத்தை ஸ்டூல் மேல் வைத்தீர்கள்.

"மாமல்லபுரம் பக்கத்துக் குப்பங்களுக்குப் போற பஸ்ஸு நாலரைக்கே பூடுதுங்க. லேப் முடிய அஞ்சாவுது. பொண்ணுங்க பாதியில எழுந்து ஓடுதுங்க. ஹாஸ்டல் இருந்தா படிப்ப முடிச்சிடும்."

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா?" என்றவர் விடுதிக்குப் பணம் தர அங்கேயே ஒப்புக்கொண்டார்.

திரும்பும்போது காரில் பதிவாளர் முறைத்தார். "தட்ட வச்சிட்டு நீயே பேசிட்டியேம்மா?"

"கொட்டாவி வுட்டாரு சார். தூங்கிடுவாரோன்னு பயந்துட்டேன்."

சில ஆண்டுகள் கழித்து நன்கொடைப் பிரிவுக்கு இயக்குநர் தேவைப்பட்டார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. நீங்களும் விண்ணப்பித்தீர்கள். தேர்வுக் குழுவில் நான் இருந்தேன்.

"பெரிய மனுஷங்க வூட்ல ஒரு பொம்பள தனியா போய் நின்னா நல்லாவா இருக்கும்?" என்று நேர்காணலில் உங்களிடம் கேட்டார் பதிவாளர்.

"நிக்க மாட்டேன் சார். உக்காந்துதான் பேசுவேன்."

நீங்கள் வெளியே போனதும் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "இத்தனை நாள் இந்த வேலையைச் செய்தது யார்?" மேசை மேலிருந்த நன்கொடைக் கோப்புகளைப் புரட்டினார்கள்; எல்லாம் உங்கள் கையெழுத்து. கடைசியில் பதிவாளரே, "அந்தம்மாதான்" என்றார். பதவி உங்களுக்கு வந்தது.

குப்பத்துப் பெண்ணையும் மறைமலைநகர்த் தொழிலாளியின் மகனையும் உங்கள் பிரிவில் சேர்த்தீர்கள். "ஒரே மாதிரி ஆளுங்க போனா ஒரே மாதிரி கதவத்தான் தட்டுவாங்க மேடம்" என்பீர்கள். அணுபுரம் குடியிருப்பில் வசித்த அணு விஞ்ஞானியான நம் பழைய மாணவியிடம் அவர்கள் போனபோது, "இத்தனை வருஷமா என்னை யாருமே கேக்கலையே" என்றாராம்.

இன்றும் என்னைத் தேர்வுக் குழுக்களுக்கு அழைக்கிறார்கள். "இத்தனை நாள் இந்த வேலையைச் செய்தது யார்?" என்ற அதே கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன். போன மாதம் கேட்டபோது, ஓரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நடுவயதுப் பெண் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க, முன்னால வந்து உக்காருங்க" என்றேன்.