தெளிந்த தண்ணீர்

இன்று அறிவியல் டீச்சர் நம் ஊருணித் தண்ணீரில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினார்கள். ஏதோ ஒன்று தன் உருவத்தை மாற்றிக்கொண்டே மெல்ல நகர்ந்தது. அமீபாவாம். இது ஒன்றும் செய்யாது, ஆனால் இதன் இனத்தில் ஒன்று குடலைப் புண்ணாக்கிவிடும் என்றார்கள். கோடையில் வற்றிக் கிடந்த ஊருணிக்குள் முதல் மழை கரையின் அசிங்கத்தையெல்லாம் அடித்துவரும்போது அதுவும் வந்துவிடுமாம். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எனக்கு நீ சிரிப்பதுதான் கேட்டது.

போன ஐப்பசியில், முதல் மழைக்கு மூன்றாம் நாள், பள்ளிவிட்டு வரும்போது ஊருணிக்கரையில் உன்னை உட்காரவைத்தேன். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று முந்தின நாள்தான் தண்டோரா போட்டிருந்தார்கள். நானோ என் தூக்குச்சட்டிக்குள் தேற்றாங்கொட்டையை உரசி, கலங்கல் தண்ணீரை மொண்டுவைத்தேன். சேறெல்லாம் அடியில் படியும்வரை காத்திருந்தோம்.

"காய்ச்சாமயா? எங்க ஆத்தா கொன்னே போட்டுரும்டி."

"கண்ணாடி மாதிரி இருக்கு பாரு. இதுல என்னடி இருக்கு?"

"பெரிய டாக்டரம்மா சொல்லிட்டாக, குடிக்க வேண்டியதுதான்!" என்று சிரித்தாய்.

நீ முதலில் குடித்தாய். மிச்சத்தை நான் குடித்தேன். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை.

மூன்று வாரத்தில் உனக்கு ரத்தபேதி கண்டது. பஸ்ஸில் படுக்கவைத்து இராமநாதபுரம் கொண்டுபோனார்கள். நீ திரும்பவில்லை. "எங்கன என்னத்தக் குடிச்சாளோ" என்று உன் அம்மா ஒவ்வொருவராகக் கேட்டபோது, நான் தெரியாது என்று தலையாட்டினேன்.

நேற்று இங்கே முதல் மழை. இன்று மாலை உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா குடத்துத் தண்ணீரைத் தெளியவைத்திருந்தார்கள். உன் தங்கை தம்ளரில் மொண்டு நின்றாள்.

"காய்ச்சிக் குடுங்கத்தை."

"இம்புட்டுத் தெளிவா இருக்கே, இன்னும் என்னத்தக் காய்ச்ச?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"அன்னைக்கு அவளுக்கு ரொம்பத் தாகமா இருந்துச்சாத்தா?"

"ஆமாத்தை."

அத்தை தம்ளரைப் பிடுங்கி மண்ணில் கொட்டிவிட்டு அடுப்பில் பானையை ஏற்றினார்கள். என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

"வீடு வரைக்கும் தாகம் தாங்கும்டி, வா போவோம்" என்று அன்றைக்கு நீ இரண்டு தரம் சொன்னாய். அதை மட்டும் நான் சொல்லவில்லை.