அப்பாவுக்குப் போட்ட ஊசி

அண்ணா,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் இதை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

"மார்ஃபின் போட்டா அப்பாவைக் கொல்றதுக்குச் சமம்" என்று நேற்று நான் வேலை பார்க்கும் வார்டிலேயே சத்தம் போட்டுவிட்டுப் போனாய். டாக்டர் எழுதியிருந்தும், அதன் பிறகு எந்த நர்ஸும் அந்த ஊசியைத் தொடவில்லை. மார்ஃபின் என்றாலே கடைசி ஊசி என்றுதான் நர்ஸுகள் எங்களிலும் பலர் நினைக்கிறார்கள். தலைமை நர்ஸ் அக்காவே கையைப் பிசைந்தார்.

"மூச்சு நின்னுட்டா யாரும்மா பதில் சொல்றது? உங்கண்ணன் சும்மா விடுவாரா?"

சொந்த அப்பாவுக்கு நான் போடக் கூடாது என்பது இங்கே விதி. அப்பாவோ வலி தாங்காமல் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

"அக்கா, இது வலிக்கான மருந்து, சாவுக்கான மருந்து இல்ல. டாக்டர் சொன்ன அளவுதான். நானும் பக்கத்துலயே நிக்கிறேன்" என்றேன்.

அவர் அப்பாவின் முகத்தையே பார்த்தார். பிறகு போட்டார். போட்டுவிட்டு, அப்பாவின் நெஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நானும் அப்பாவின் மூச்சை எண்ணிக்கொண்டே நின்றேன்.

அப்பா தூங்கினார். விடிந்ததும் எழுந்து, தாடியை மழித்துவிடச் சொன்னார். சோப்பு நுரையோடு, "பெரியவன் இன்னும் கோவமாத்தான் இருக்கானா?" என்று கேட்டார்.

"அண்ணன் வருவான்பா" என்று சொல்லிவிட்டேன்.

எத்தனை நாளைக்கு என்று மட்டும் என்னைக் கேட்காதே. இப்போது வலியில்லாமல் பேசுகிறார். என்னோடு சண்டை போடவாவது இன்றைக்கே வா.

உன் தங்கை