ஒடெஸ்ஸா பாதியில் நிறுத்திய பேச்சு

அன்பு மகள் ரெனீட்டாவுக்கு,

"வெள்ளைக்காரங்களையும் நம்மளையும் ஒரே அறையில உக்கார வச்சுப் பேசவிட்டு என்னம்மா கிடைக்குது?" என்று கிறிஸ்துமசுக்கு வந்தபோது கேட்டாய். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு இங்கே குறையில்லை, சியாட்டில் மழையில் நீயும் சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். உன் அலுவலகத்திலும் நிறவெறி பற்றிக் கூடிப் பேசப் போகிறார்கள், நடத்தும் பொறுப்பு உன் தலையில் விழுந்திருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதனால்தான் இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் வெள்ளையர் பக்கத்தையும் கறுப்பர்களான நம் பக்கத்தையும் பிரிக்கும் கம்பிவேலி உனக்குத் தெரியும். இரு தரப்பும் சேர்ந்து கேட்டால் எடுத்துவிடுவதாக நிர்வாகக் குழு சொன்னதால்தான் நூலகத்தில் வியாழன்தோறும் கூடினோம், பழைய டீச்சர் என்று நடத்தும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். வெள்ளையர் பக்கத்து வெர்னன் கிழவர், "செத்தவங்களுக்கு வேலி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்றார். தேவாலயத்தில் என் பக்கத்தில் உட்காரும் ஒடெஸ்ஸா, "அப்ப எடுத்துடலாமே, அவங்க கோவிச்சுக்கவா போறாங்க?" என்றாள். அவரே சிரித்துவிட்டார். பிறகு அவள் தன் அம்மாவை அடக்கம் செய்த நாளைச் சொல்ல ஆரம்பித்தாள், முன்வாசலில் நம் சவப்பெட்டிகளை விடமாட்டார்கள், கொட்டும் மழையில் பின்பக்கச் சாக்கடையைத் தாண்டித் தூக்கிப் போனார்களாம், ஒருவர் வழுக்கி விழ, பெட்டி சாய்ந்ததாம். அந்த இடத்தில் டார்லின் என்ற வெள்ளைக்காரப் பெண் விம்மி அழத் தொடங்கினாள். உடனே எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள், "ஐயோ டார்லின், உனக்கு எவ்ளோ இளகின மனசு" என்று ஒருத்தி தடவிக்கொடுக்க, நான் தண்ணீர் கொண்டுவர ஓடினேன். திரும்பி வந்தபோது ஒடெஸ்ஸா கைப்பையை எடுத்துக்கொண்டிருந்தாள். "அழுது முடிச்சா சொல்லியனுப்புங்க. எங்கம்மாவ இன்னும் குழியில இறக்கல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பீச் பழப் பணியாரத்தோடு அவள் வீட்டுக்குப் போனேன். "சாப்பிட வா, கூட்டத்துக்குக் கூப்பிட வராதே, டீச்சர்" என்றாள். அவள் வராததால் நம்மவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். வேலியை எடுக்கச் சொல்லிக் கேட்க ஒரு தரப்புதான் மிச்சம் என்று நிர்வாகக் குழுவும் பேச்சை மூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவின் கல்லறையில் பூ வைக்கப் பின்வாசல் வழியாகத்தான் போனேன். வேலிக்குப் புதிதாக வண்ணம் அடித்திருக்கிறார்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, கர்த்தர் உன்னைக் காப்பார். உன் கூட்டத்தில் யாராவது அழுதால் தண்ணீர் கொடுக்க வேறொருவரை அனுப்பு. நீ இடத்தை விட்டு எழாமல், சொல்லிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேள்.

உன் அம்மா,
வெர்டெல் டேட்டம்